வீட்டுக்குள் ஒரு சின்னத் தியேட்டர்: பாகங்களை நாமே தேர்ந்தெடுப்போம்

ஐரோலியில் நம்மவர் வீட்டுப் பரணைக் குடைந்தால் பெரும்பாலும் ஒரு அட்டைப்பெட்டி கிடைக்கும். அதற்குள் வி.எச்.எஸ். காஸெட்டுகள். மாட்டுங்காவில் நடந்த கல்யாணம், செம்பூரில் நடந்த வளைகாப்பு, தாராவியில் குழந்தைக்குக் காது குத்தியது, ஊரில் தாத்தாவுக்குச் சதாபிஷேகம் செய்தது என்று ஒவ்வொன்றின் முதுகிலும் பால்பாயின்ட் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கும். வேலைக்காகப் பம்பாய் வந்து, ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தி, பிறகு கடன் வாங்கி நவி மும்பைக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் இவை. வீடு மாறும்போது கட்டிலையும் பீரோவையும்கூட விட்டுவிட்டு வந்தவர்கள் இந்தப் பெட்டியை விடவில்லை.

ஆனால் அதைப் போட்டுப் பார்க்க வழியில்லை. வி.சி.ஆர். எப்போதோ பங்கார்வாலாவிடம் எடைக்குப் போய்விட்டது. புதிதாக வாங்கவும் முடியாது. உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஹாலில் 43 அங்குலமோ 55 அங்குலமோ பெரிய டி.வி. சுவரில் மாட்டியிருக்கிறது, அதில் தெரிய வேண்டிய முகங்கள் பரணில் இருக்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்து வைக்கிற பெட்டிதான் ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர். டி.வி.க்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்து, வீட்டில் உள்ள படம், பாட்டு, கல்யாண வீடியோ எல்லாவற்றையும் தன்னிடம் வைத்துக்கொண்டு கேட்டதைக் காட்டுகிற கம்ப்யூட்டர். கடையில் இந்தப் பெயரில் கட்டிவைத்த பெட்டியாகக் கிடைப்பது அபூர்வம். பாகங்களாக வாங்கிச் சேர்ப்பதே வழக்கம். எதில் காசைப் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

யாருக்கு இது வேண்டாம்?

நெட்ஃபிளிக்ஸ், சன் நெக்ஸ்ட் போன்ற ஓ.டி.டி. படங்கள் மட்டும் பார்க்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் கட்டாதீர்கள். திருட்டைத் தடுக்கும் பூட்டுகள் காரணமாக, பல ஓ.டி.டி. நிறுவனங்கள் கம்ப்யூட்டர் பிரவுசருக்குத் தங்கள் படத்தைக் குறைந்த தரத்திலேயே அனுப்புகின்றன. லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் என்றால் இன்னும் மோசம். அதே படம் டி.வி.யில் உள்ள செயலியிலோ, டி.வி.யின் பின்னால் செருகும் சின்ன ஸ்டிக்கிலோ முழுத் தரத்தில் வரும். ஐம்பதாயிரம் ரூபாய் செலவழித்துவிட்டு, சில ஆயிரம் ரூபாய் ஸ்டிக்கைவிட மங்கலான படம் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

ஓ.டி.டி.யில் இன்று இருக்கும் படம் நாளை இருக்காது. போனால் வேறிடத்தில் வாடகைக்கோ விலைக்கோ கிடைக்கும். காஸெட்டில் இருக்கிற அத்தையின் குரல் அப்படிக் கிடைக்காது. நம் போன்ற குடும்பங்களுக்கு இந்தக் கம்ப்யூட்டர் தியேட்டராக இருப்பதைவிடப் புத்தக அலமாரியாக இருப்பதே முக்கியம் என்பது என் கருத்து. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாகங்களின் வரிசையே தலைகீழாக மாறிவிடும். கடைக்காரர் முதலில் கேட்பது கிராபிக்ஸ் கார்டைப் பற்றி. நாம் முதலில் கேட்க வேண்டியது ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி.

லாமிங்டன் ரோடு

மும்பையில் கம்ப்யூட்டர் பாகம் என்றால் லாமிங்டன் ரோடு. சென்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட், டில்லிக்கு நேரு பிளேஸ் போல. 1903 முதல் 1907 வரை பம்பாய் கவர்னராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயர் அது. அரசாங்கப் பெயர் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்றாலும், அப்படிச் சொன்னால் டாக்ஸிக்காரர் ஒரு கணம் யோசிப்பார். ஐரோலியிலிருந்து போகிறவர்கள் தாணே போய், தாதரில் மாறி, கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் போதும். ஒரு வேடிக்கை என்னவென்றால், இது முன்பு சினிமாக் கொட்டகைகளின் வீதி. 1975-ல் வெளியான ஷோலே ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடிய மினர்வா தியேட்டர் இங்கேதான் இருந்தது. கொட்டகை போய்விட்டது, வீட்டுக்குள் கொட்டகை கட்டும் சாமான்கள் அதே வீதியில் கிடைக்கின்றன.

அங்கே போகும் முன் ஒரு தாளில் பாகத்தின் முழு மாடல் எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள். "இதே மாதிரிதான் சார், இன்னும் நல்லது" என்று வேறொன்றைக் கையில் கொடுப்பார்கள். கச்சா பில்லா, பக்கா பில்லா என்று கேட்பார்கள். விலை சற்றுக் கூடினாலும் ஜி.எஸ்.டி. எண்ணும் பாகத்தின் சீரியல் எண்ணும் போட்ட பக்கா பில்லையே வாங்குங்கள். அது இல்லாமல் மூன்று வருஷ வாரன்டி என்பது வெறும் வாய்ப்பேச்சு. வீட்டுக்கு வந்ததும் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு, இந்தியாவில் வாரன்டி உண்டா என்று பார்த்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து தனி வழியில் வந்த சரக்குக்கு இங்கே வாரன்டி கிடைக்காமல் போகலாம்.

கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா?

வேண்டாம். இதை ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம் என்றாலும் காரணம் தெரிந்திருப்பது நல்லது, கடையில் வாதாட உதவும்.

வீடியோ என்பது சுருக்கி மூட்டை கட்டிய சாமான். பார்க்கும்போது அதை விநாடிக்கு 25 தடவையோ 50 தடவையோ பிரித்துப் பரப்ப வேண்டும். மூட்டை கட்டும் முறைகள் பல: எச்.264 பழையது, எச்.265 அடுத்தது, வி.பி.9, ஏ.வி.1 என்பவை யூடியூபில் அதிகம். இந்த முறையைப் பிரிக்கத் தெரிந்த தனி மூலை புராஸஸருக்குள்ளேயே இருந்தால், கம்ப்யூட்டர் சூடே ஆகாமல் 4கே படத்தைக் காட்டும். இல்லாவிட்டால் புராஸஸர் முழு பலத்தையும் போட்டுத் திணறும், படம் விட்டுவிட்டு ஓடும், காற்றாடி அலறும்.

இன்டெல்லில் ஏழாம் தலைமுறை முதல் எச்.265-ன் 10 பிட் வகையையும் வி.பி.9-ஐயும் பிரிக்க முடியும். ஏ.வி.1-ஐப் பிரிக்கும் வசதி பதினொன்றாம் தலைமுறையில் வந்தது. 2023 ஜனவரியில் வந்த என் 100 என்கிற சின்னப் புராஸஸர் வெறும் 6 வாட் கணக்கில் செய்யப்பட்டது. அதுவும் இவை எல்லாவற்றையும் பிரிக்கிறது. 2022-ல் வந்த ஐ3 12100 போன்ற சாதாரணப் புராஸஸர் இந்த வேலைக்குத் தாராளம். ஏ.எம்.டி.யில் 2021-ன் ரைசன் 5600 ஜி நல்ல புராஸஸர்தான். ஆனால் அதில் ஏ.வி.1 கிடையாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இன்டெல் மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதற்குள் படம் காட்டும் பகுதியே இல்லை என்று அர்த்தம். 12100 எஃப் என்பது 12100-ஐவிட விலை குறைவு என்று ஆசை காட்டுவார்கள். அதை வாங்கினால் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கியே ஆக வேண்டும். மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு போய்விடும்.

கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஆபீஸ்களிலிருந்து கழித்த சின்னப் பெட்டிக் கம்ப்யூட்டர்கள் புதுப்பிக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11, பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை ஏற்பதில்லை. அதனால் ஏழாம் தலைமுறைப் பெட்டிகளை ஆபீஸ்கள் கழித்துக்கட்டுகின்றன. லினக்ஸ் போட்டால் கல்யாண வீடியோவுக்கும் பழைய படங்களுக்கும் அவை நன்றாகவே உழைக்கும்.

மெமரி 8 ஜி.பி. போதும். 2025-ன் கடைசி மாதங்களிலிருந்து மெமரி விலை ஏறியதால், 32 ஜி.பி. போடச் சொல்கிறவர் பேச்சைக் கேட்க வேண்டிய அவசியம் இன்னும் குறைந்துவிட்டது. சிஸ்டத்துக்கு 250 ஜி.பி. அளவில் ஒரு எஸ்.எஸ்.டி.

ஹார்ட் டிஸ்க்: இங்கேதான் காசைப் போட வேண்டும்

எவ்வளவு இடம் வேண்டும் என்று ஒரு கணக்குப் போடுவோம். இ-180 என்று எழுதிய காஸெட்டில் மூன்று மணி நேரம். அதை எச்.264 முறையில் விநாடிக்கு 6 மெகாபிட் வேகத்தில் பதிந்தால், ஒரு காஸெட்டுக்கு ஏறக்குறைய 8 ஜி.பி. ஆகும். வி.எச்.எஸ். படத்துக்கு அதற்கு மேல் அவசியமில்லை. வீட்டில் நாற்பது காஸெட்டுகள் இருந்தால் சுமார் 325 ஜி.பி. அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் இருபது வருஷத்து நல்லது கெட்டது எல்லாம் ஒரு டி.பி. டிஸ்க்கில் பாதிகூட ஆகாது. போட்டோக்களையும் செல்போன் வீடியோக்களையும் சேர்த்தாலும் 4 டி.பி. பல வருஷங்களுக்குத் தாங்கும்.

ஆகவே 12 டி.பி. டிஸ்க் ஒன்று வாங்குவதைவிட 4 டி.பி. டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க் என்பது என்றைக்காவது ஒரு நாள் நிற்கப்போகிற சாமான், சொல்லிவிட்டும் நிற்காது. ஒன்று கம்ப்யூட்டருக்குள், இன்னொன்று வெளியே, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கும்படி. இரண்டையும் உள்ளேயே மாட்டி ஒன்றை மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பமாக வைக்கும் 'ரெய்டு' முறையைக் கடைக்காரர் சொல்லலாம். அது ஒரு டிஸ்க் பழுதானால் காப்பாற்றும். மின்சாரம் பாய்ந்து இரண்டும் போனாலோ, பேரன் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டாலோ காப்பாற்றாது. அழித்தது இரண்டிலும் அதே விநாடியில் அழிந்துவிடும்.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலப்படுத்திய 3-2-1 என்ற கணக்கு இதற்குப் பொருத்தமானது. மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்களில், அதில் ஒன்று வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ. நமக்கு இது எளிது. திருநெல்வேலியில் அண்ணன் வீடு, பாலக்காட்டில் மாமனார் வீடு, இல்லையென்றால் செம்பூரில் தங்கை வீடு யாருக்குத்தான் இல்லை? லீவுக்குப் போகும்போது ஒரு டிஸ்க்கைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அடுத்த வருஷம் புதியதைச் சேர்த்து மாற்றிக்கொண்டு வரலாம். 2005 ஜூலை 26-ஐ நாம் மறந்திருக்க மாட்டோம். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை; மித்தி ஆறு பெருகி குர்லா, தாராவிப் பக்கத்துத் தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்தது. பாத்திரத்தையும் துணியையும் அலசிக் காயவைத்தார்கள். ஆல்பத்தையும் காஸெட்டையும் என்ன செய்வது? ஒரே வீட்டில் எத்தனை பிரதி வைத்தாலும் அப்படிப்பட்ட நாளில் அது ஒரு பிரதிதான்.

டிஸ்க் வகையிலும் கவனம் வேண்டும். சி.எம்.ஆர்., எஸ்.எம்.ஆர். என்று இரண்டு உண்டு. எஸ்.எம்.ஆர். என்பது நாட்டு ஓடு வேய்வது போல. இடத்தை மிச்சம் பிடிக்க, தகவல் வரிகளை ஒன்றின் மேல் ஒன்று சற்றே ஏறும்படி எழுதுவார்கள். கூரையின் நடுவில் ஒரு ஓட்டை மாற்றப் பக்கத்து ஓடுகளையும் கிளப்ப வேண்டியிருப்பது போல, நடுவில் ஒன்றை மாற்றி எழுத நேரம் பிடிக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் 'ரெட்' வரிசையில் சில டிஸ்க்குகள் இந்த வகை என்பதை 2020-ல்தான் ஒப்புக்கொண்டது. கம்ப்யூட்டருக்குள் மாட்டுவதற்குச் சி.எம்.ஆர். வாங்குங்கள் ('ரெட் பிளஸ்', சீகேட்டின் 'அயர்ன்வுல்ஃப்' அந்த வகை). பெட்டிக்குள் பத்திரப்படுத்தும் பிரதிக்கு எஸ்.எம்.ஆர். பரவாயில்லை.

புதியது என்று பழையதைத் தருவது நம்மூர் வழக்கம் மட்டுமில்லை. 2025 ஜனவரியில் ஐரோப்பாவில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் புதியவையாக விற்கப்பட்டது வெளியே வந்தது. டிஸ்க்கை மாட்டியதும் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். சில மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அன்றைக்கே கடைக்குத் திரும்புங்கள்.

ஒரு வார்த்தை: டிஸ்க் வாங்கும்போது "படம் போட்டுத் தரவா?" என்று கேட்கிற கடைகளும் உண்டு. திருட்டுப் படத்தோடு வைரஸும் இலவசமாக வரும். வெறும் டிஸ்க்காக வாங்கி வாருங்கள்.

காஸெட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு

முதல் தேவை ஓடுகிற வி.சி.ஆர். உறவினர், நண்பர் வீடுகளில் விசாரியுங்கள்; இல்லாவிட்டால் லாமிங்டன் ரோட்டிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் சோர் பஜார் இருக்கிறது. வாங்கும் முன், போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு காஸெட்டைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். கல்யாணக் காஸெட்டைச் சோதனைக்குக் கொடுக்கவே கூடாது.

அடுத்து, காஸெட்டின் மூடியைத் தூக்கி நாடாவைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சணம். தாணே கழிமுகத்தின் ஓரத்தில் இருக்கும் ஐரோலியின் ஈரக்காற்றுக்கு அது சீக்கிரம் வரும். பூஞ்சணம் பிடித்ததை அப்படியே ஓட்டினால் வி.சி.ஆர். தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்த காஸெட்டுக்கும் பரவும். அதைத் தனியாக ஒதுக்கிச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நாடாவாக இருந்தாலும் ஒரு தடவை முழுக்க ஓட்டிச் சுற்றிவிட்டுப் பிறகு பதியுங்கள். வருஷக்கணக்காக ஒட்டியிருந்த சுற்றுகள் இளகும். ஒவ்வொரு தடவை பார்ப்பதும் நாடாவுக்குத் தேய்மானம் என்பதால், முதல் தடவை முழுதாகப் பார்க்கும்போதே பதிவாகிவிட வேண்டும்.

வி.சி.ஆரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை வாங்கி யு.எஸ்.பி.யில் தரும் 'கேப்சர்' கருவிதான் அடுத்த பாகம். மிகவும் மலிவான போலிகளில் படமும் குரலும் போகப்போக விலகும். தாலி கட்டி முடிந்த பிறகு கெட்டிமேளம் கேட்கும். ஒரு மணி நேரம் பதிந்து கடைசியில் உதடும் ஒலியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். 'ஓ.பி.எஸ். ஸ்டுடியோ' என்ற இலவச மென்பொருள் பதிவுக்குப் போதும். நம் நாட்டுக் காஸெட்டுகள் பால் முறை. 720-க்கு 576 என்ற அளவில் பதியுங்கள். அந்தக் காலத்துப் படம் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று பின்னி வருவது. அதைப் பிரித்து விநாடிக்கு 50 படமாக்கும் 'யாடிஃப் 2 எக்ஸ்' என்ற தேர்வை வைத்தால், ஓடும் குழந்தையின் கைகால் சீப்புப் பல் போலத் தெரியாது.

மினி டி.வி. காமிரா நாடாக்களுக்கு ஃபயர்வயர் என்ற இணைப்பு தேவை. இப்போதைய மதர்போர்டுகளில் அது இல்லை. கார்டாக மாட்டிக்கொள்ள வேண்டும். மணிக்கு 13 ஜி.பி. அளவு வரும். அப்படிப்பட்ட நாடாக்கள் இருந்தால் உள்ளங்கை அளவு மினி கம்ப்யூட்டர் உதவாது. கார்டு செருகும் இடமும், 3.5 அங்குல டிஸ்க் மாட்டும் இடமும் உள்ள மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பெட்டிதான் சரி. அதைவிடச் சிறிய மினி ஐ.டி.எக்ஸ். மதர்போர்டு பார்க்க அழகு. நம் நாட்டில் விலைதான் அழகாக இல்லை.

பலர் 2000களில் ஸ்டுடியோவில் கொடுத்துக் காஸெட்டை வி.சி.டி.யாக மாற்றி வைத்திருப்பார்கள். வி.சி.டி. என்பது 352-க்கு 288 புள்ளிதான். காஸெட்டில் இருந்த தெளிவில் ஒரு பகுதி அங்கேயே போய்விட்டது. போதாக்குறைக்கு அப்படி எழுதிய டிஸ்க்குகளின் சாயம் வருஷம் போகப்போக வெளுக்கும். மூலக் காஸெட் கையில் இருந்தால் அதிலிருந்தே மறுபடி எடுங்கள். இல்லையென்றால் வெளியில் மாட்டும் டி.வி.டி. டிரைவ் ஒன்று வாங்கி இன்றைக்கே நகல் எடுங்கள். ஒரு டிரைவ் படிக்க மறுக்கும் டிஸ்க்கை இன்னொரு டிரைவ் படிப்பதுண்டு.

சத்தம், தூசி, மின்சாரம்

டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி இரைந்தால் மெல்லிய வசனம் காதில் விழாது. பெரிய காற்றாடி மெதுவாகச் சுற்றினால் சத்தம் குறைவு. ஆகவே 120 மில்லிமீட்டர் காற்றாடி, கழற்றிக் கழுவும் தூசி வலை இரண்டும் உள்ள பெட்டியாகப் பாருங்கள். டி.வி. அலமாரியின் கதவுக்குள் பூட்டி வைத்தால் மே மாதத்தில் வெந்துவிடும்.

எஸ்.எம்.பி.எஸ். 450 வாட் போதும், ஆனால் நல்ல கம்பெனி. பெட்டியோடு இலவசமாக வருவதை நம்பாதீர்கள். கூடவே ஒரு 600 வி.ஏ. யு.பி.எஸ். ஐரோலியில் மகாவிதரண் மின்சாரம் பெரும்பாலும் ஒழுங்காக வந்தாலும், 2020 அக்டோபர் 12 காலை மும்பை, தாணே, நவி மும்பை மொத்தமும் இருட்டானது போல ஒரு நாள் வரும். டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது அது வந்தால் எழுதியது சேதமாகலாம். பழைய கட்டடங்களில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை விட்டு ஒரு தடவை பார்த்துவிடுவதும் நல்லது. செலவையும் பாருங்கள்: 15 வாட் இழுக்கும் சின்னக் கம்ப்யூட்டரை மாதம் முழுக்க அணைக்காமல் வைத்தாலும் 11 யூனிட்டுக்குள்தான். சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கும் பெரிய பெட்டி என்றால் 43 யூனிட்.

டி.வி.யோடு சேர்ப்பது

4கே டி.வி. என்றால் மதர்போர்டின் எச்.டி.எம்.ஐ. 2.0 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 1.4 என்றால் 4கே-யில் விநாடிக்கு 30 படம்தான். மவுஸ் அம்புக்குறிகூடத் தத்தித் தத்தி நகரும். மதர்போர்டு அட்டையில் வெறும் 'எச்.டி.எம்.ஐ.' என்றுதான் போட்டிருக்கும். எண் உள்ளே இருக்கும் புத்தகத்தில் இருக்கும். கம்ப்யூட்டர் வழக்கமாக 60 ஹெர்ட்ஸில் படம் அனுப்பும். நம் காஸெட் வீடியோ 50. இரண்டும் ஒத்துப்போகாமல், காமிரா மண்டபத்தைச் சுற்றி வரும்போது படம் லேசாக வெட்டி வெட்டி நகரும். 'கோடி' போன்ற மென்பொருளில், படத்துக்கு ஏற்ப டி.வி.யின் வேகத்தை மாற்றும் தேர்வை வைத்துவிட்டால் இது தீரும்.

ஒலிக்கு ஆறு ஸ்பீக்கர் கட்டாயமில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலில், சுவருக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டு மாவ்ஷி படுத்திருக்கும்போது, சப்வூஃபரை எவ்வளவு தூரம் திருப்ப முடியும்? நல்ல இரண்டு ஸ்பீக்கர் போதும். பெரியவர்கள் "பாட்டு கத்துது, பேச்சு கேக்கலை" என்று சொல்வது காது மந்தத்தால் மட்டுமில்லை. 5.1 ஒலியில் வசனம் நடு ஸ்பீக்கருக்கு என்று தனியே பதிவாகியிருக்கும். இரண்டு ஸ்பீக்கருக்கு அதை இறக்கும்போது வசனம் அமுங்கிவிடும். நடு ஒலியை ஏற்றும் தேர்வு மென்பொருளில் இருக்கிறது. இரண்டு மூன்று படி ஏற்றி வையுங்கள்.

'கோடி' 2014 வரை எக்ஸ்.பி.எம்.சி. என்ற பெயரில் இருந்தது. இலவசம். அதையே கம்ப்யூட்டரின் முழு வேலையாக வைக்கும் 'லிப்ரெலெக்' என்ற லினக்ஸும் இலவசம். கீபோர்டு, மவுஸ் எல்லாம் நமக்கு. அப்பா, அம்மாவுக்கு அம்புக்குறியும் 'ஓ.கே.'யும் உள்ள சின்ன ரிமோட் வாங்கிக் கொடுங்கள். கோப்பின் பெயரில் முதலில் வருஷம், மாதம், தேதி, பிறகு ஊர், பிறகு விசேஷம் என்று வைத்தால் தானாகவே காலவரிசையில் நிற்கும். தமிழில் பெயர் வைப்பதானால் ஒன்றில் வைத்துச் சோதியுங்கள். சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரியும்.

பதிவு ஓடும்போது பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். எத்தனையாவது நிமிஷத்தில் யார் வருகிறார்கள், என்ன உறவு, எந்த ஊர் என்று குறித்து, வீடியோவின் பெயரிலேயே ஒரு சின்னக் கோப்பாகத் தட்டி அதன் பக்கத்தில் போட்டுவிடுங்கள். பந்தியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் பரிமாறுகிறவர் யார் என்று சொல்லக்கூடியவர் இன்று வீட்டில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அடுத்த முறை ஊரிலிருந்து அவர்கள் ஐரோலிக்கு வரும்போது, எந்தக் காஸெட்டில் அவர்களுக்குத் தெரிந்தவர்கள் அதிகமோ அதை முதலில் போடுங்கள்.